தனுஷ்கோடி பழைய ரயில் நிலையம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தனுஷ்கோடி என்றதும் எல்லோரும் கேட்பது 1964 டிசம்பரின் அந்த ஒரு புயல் இரவைத்தான். ஆனால் அந்த நிலையம் அதற்கு முன் ஐம்பது ஆண்டுகள் ஓயாமல் இயங்கிய எல்லை நிலையம். மறுபடி மறுபடி வரும் சந்தேகங்களை, கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே சேர்த்திருக்கிறோம். புயலுக்கு வருமுன் முதல் ஆறு கேள்விகளையும் படித்துவிட்டால் மற்றது எளிதில் பிடிபடும்.

தனுஷ்கோடி ஸ்டேஷன் எங்கே இருந்தது? இப்போ அங்கே ரயிலில் போக முடியுமா?

ராமேஸ்வரம் தீவின் தென்கிழக்கு மூலையில், கடலுக்குள் கத்தி மாதிரி நீளும் மணல் திட்டில் இருந்தது. வடக்கே பாக் நீரிணைப் பக்கம் பெரும்பாலும் அலை அடங்கிய கடல். தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் ஆர்ப்பரிக்கும் கடல். உள்ளூர்க்காரர்கள் முன்னதைப் பெண்கடல் என்றும் பின்னதை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். இரண்டுக்கும் நடுவில் கிடைத்த மணல் நிலத்தில்தான் தண்டவாளம், ஊர், துறைமுகம் எல்லாம்.

ரயிலில் போக முடியாது. 1964 டிசம்பருக்குப் பிறகு பாம்பன் – தனுஷ்கோடி பாதையில் ரயில் ஓடவே இல்லை. ராமேஸ்வரம்தான் இன்றைய கடைசி நிலையம். அங்கிருந்து சுமார் 20 கி.மீ. சாலை வழியாகப் போக வேண்டும்.

அவ்வளவு தூரம் தள்ளி, வெறும் மணலில் எதுக்கு ஒரு ஸ்டேஷன் கட்டினாங்க?

இலங்கைக்காக. ராமேஸ்வரம் கோயிலுக்காக மட்டும் என்றால் பாதையை ராமேஸ்வரத்தோடு நிறுத்தியிருப்பார்கள். முன்பு சென்னையிலிருந்து கொழும்பு போகிறவர்கள் தூத்துக்குடி வரை ரயிலில் வந்து, அங்கிருந்து கப்பலில் ஏறிப் பெருங்கடலைக் கடக்க வேண்டும். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் வழி சுமார் 35 கி.மீ.தான், சில மணி நேரப் பயணம்.

ஆதம் பாலத் திட்டுகளின் மேலேயே பாலம் கட்டி இலங்கை வரை தண்டவாளம் போடலாம் என்ற யோசனை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இருந்தது. செலவு கட்டுப்படியாகவில்லை. கடைசியில் பாம்பன் கால்வாய்க்கு மட்டும் பாலம், மீதிக் கடலுக்குக் கப்பல் என்று முடிவாயிற்று. 1902-ல் மண்டபம் வரை வந்து நின்ற ரயில், 1914 பிப்ரவரி 24-ல் பாம்பன் பாலம் திறந்ததும் தீவுக்குள் நுழைந்து தனுஷ்கோடியைத் தொட்டது. பாலமும் இந்த நிலையமும் ஒரே திட்டத்தின் இரண்டு துண்டுகள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நிலையத்தை ஏன் திரும்பக் கட்டவில்லை என்ற கேள்விக்கும் விடை இதில்தான் இருக்கிறது.

போட் மெயில்னா ரயிலே கப்பலில் ஏறிப் போகுமா?

ஏறாது. பயணிகள்தான் இறங்கிக் கப்பலில் ஏறினார்கள். ரயில் கப்பல்துறை வரைக்கும் போய் நிற்கும். பெட்டி படுக்கையைக் கூலியாளிடம் கொடுத்துவிட்டுச் சிறிது தூரம் நடந்தால் கப்பல். அக்கரையில் தலைமன்னார் துறையிலும் அதேபோல ரயில் காத்திருக்கும். மதவாச்சி, அனுராதபுரம் வழியாகக் கொழும்பு கோட்டைக்குப் போகும்.

ரயிலையே கப்பலில் ஏற்ற நினைத்திருந்தாலும் நடந்திருக்காது. இந்தப் பக்கம் அன்று மீட்டர் கேஜ், அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே 1,000 மி.மீ. இலங்கையில் 1,676 மி.மீ. அகலப் பாதை. இங்குள்ள பெட்டி அங்குள்ள தண்டவாளத்தில் உட்காராது. கடலே இல்லாமல் போயிருந்தாலும் தலைமன்னாரில் வண்டி மாறித்தான் ஆக வேண்டும்.

‘போட் மெயில்’ என்பது கப்பலுக்குத் தபால் கொண்டுசெல்லும் வண்டி என்பதால் வந்த பெயர். தூத்துக்குடி காலத்திலேயே அந்தப் பெயர் உண்டு. பிறகு இந்தோ – சிலோன் எக்ஸ்பிரஸ் என்றும் அழைத்தார்கள். இன்றும் எழும்பூர் – ராமேஸ்வரம் வண்டியைப் பழைய ஆட்கள் போட் மெயில் என்றுதான் சொல்வார்கள், அது எந்தக் கப்பலுக்கும் போகாவிட்டாலும்.

எழும்பூரில் டிக்கெட் எடுத்தா கொழும்பு வரைக்கும் அதே டிக்கெட் செல்லுமாமே, நிஜமா?

நிஜம். ரயில், கப்பல், அக்கரை ரயில் மூன்றுக்கும் சேர்த்து ஒரே பயணச்சீட்டு கொடுத்தார்கள். கப்பல்களை நடத்தியதும் தென்னிந்திய ரயில்வேதான் என்பதால் இது சாத்தியமாயிற்று. 1951-ல் அது தெற்கு ரயில்வேயில் சேர்ந்தது. கடைசிக் காலத்தில் ஓடிய கப்பல்கள் இர்வின், கோஷன். முன்னாள் வைஸ்ராய் ஒருவர், சென்னை மாகாண ஆளுநர் ஒருவர் பெயர்கள்.

ஸ்டேஷன்னா ஒரு பிளாட்பாரம், ஒரு டிக்கெட் கவுண்டர், அவ்வளவுதானா?

சிறிய ஊர்தான், ஆனால் நிலையம் சிறியதல்ல. வெளிநாட்டுக்குப் போகும் வாசல் என்பதால் சுங்க அலுவலகம், துறைமுக அலுவலகம், தபால் நிலையம், சின்ன ரயில்வே மருத்துவமனை, ஊழியர் குடியிருப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் சுற்றிலும் இருந்தன. சேதுவில் நீராட வரும் யாத்திரிகர்களுக்குச் சத்திரங்கள், துணிக்கடைகள், சாப்பாட்டுக் கடைகள், பள்ளி, அந்தோணியார் தேவாலயம், கோயில்.

ஊரின் பிழைப்பு மூன்று காலில் நின்றது: மீன், யாத்திரிகர், கப்பல் பயணிகள். இரண்டாவதும் மூன்றாவதும் ரயிலை நம்பியவை. அதனால்தான் ரயில் போனதும் ஊர் எழுந்திருக்கவே இல்லை.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன ஜனங்களும் இதே வழியாத்தான் போனாங்களா?

1914-க்குப் பிறகு போனவர்களில் பெரும்பாலோர் இதே வழிதான். ஆனால் எழும்பூரில் ஏறி நேராகக் கப்பலுக்குப் போன பயணிகளைப் போல அவர்களை அனுப்பவில்லை. மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில் தங்கவைத்து, அம்மை, காலரா போன்ற தொற்று இல்லை என்று பார்த்த பிறகே ரயிலேற்றித் தனுஷ்கோடிக்கு அனுப்பினார்கள். ‘மண்டபம் கேம்ப்’ என்ற ஊர்ப்பெயரும் ரயில் நிலையப் பெயரும் அதன் மிச்சம். பிற்காலத்தில் இலங்கையிலிருந்து வந்த அகதிகளைத் தங்கவைத்ததும் அதே இடத்தில்தான்.

1914-க்கு முன் போனவர்களின் கதை வேறு. பாம்பன், தொண்டி போன்ற சிறு துறைகளில் தோணி ஏறி, அக்கரையில் இறங்கி, மலைநாடு வரை காட்டு வழியில் நடந்தவர்கள் அவர்கள். அந்தத் தலைமுறையைத் தனுஷ்கோடிக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

புயலில் மூழ்கினது போட் மெயில்தானே?

இல்லை. இதுதான் அதிகம் பரவியிருக்கும் தவறு. மூழ்கியது 653-ஆம் எண் பாம்பன் – தனுஷ்கோடி பாசஞ்சர். பாம்பனுக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே மட்டும் ஓடிய, ஆறு பெட்டிகள் கொண்ட உள்ளூர் வண்டி. 1964 டிசம்பர் 22 இரவு 11.55-க்குப் பாம்பனிலிருந்து கிளம்பியது.

சில பேர் 22-ம் தேதின்னு சொல்றாங்க, சில பேர் 23-ன்னு. எது சரி? எத்தனை பேர் இறந்தாங்க?

இரண்டும் சரி. வண்டி கிளம்பியது 22-ஆம் தேதி, நள்ளிரவுக்கு ஐந்து நிமிடம் முன்பு. அலை அடித்தது அதற்குப் பிறகு, அதாவது 23-ஆம் தேதி.

வண்டியில் இருந்ததாக ரயில்வே கணக்கில் சொல்லப்படுவது 110 பயணிகள், 5 ஊழியர்கள், மொத்தம் 115 பேர். ஒருவரும் தப்பவில்லை. சீட்டு இல்லாமல் ஏறியவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள் என்பதால் கூடுதலான எண்ணிக்கையும் சொல்வார்கள். புயல் முழுவதற்குமான சாவுக் கணக்கு 1,800-க்கு மேல் என்ற மதிப்பீடு வேறு. அதில் தனுஷ்கோடி ஊரும் மற்ற இடங்களும் அடங்கும். சமூக ஊடகப் பதிவுகளில் ‘ரயிலில் 1,800 பேர்’ என்று வருவது இரண்டு கணக்கையும் குழப்பியதால்தான்.

சிக்னல் விழலைன்னு தெரிஞ்சும் டிரைவர் ஏன் வண்டியை எடுத்தார்?

நெடுங்காலமாகச் சொல்லப்படும் விவரம் இது: நிலையத்துக்குச் சற்று முன்னால் சிக்னல் கிடைக்கவில்லை, வண்டி நின்றது, கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, ஓட்டுநர் நீளமாக விசில் ஊதி மெல்ல நகர்த்தினார், அப்போது அலை வந்தது.

இதைப் புரிந்துகொள்ள அந்தக் காலத்துக் கைகாட்டி எப்படி வேலை செய்யும் என்று தெரிய வேண்டும். நிலையத்தில் நெம்புகோலை இழுத்தால், நீளமான கம்பி வழியாகக் கைகாட்டி நகர்ந்து ‘வரலாம்’ என்று காட்டும். கம்பி அறுந்தால் அது தானாகவே ‘நில்’ நிலைக்குத் திரும்பும்படி செய்திருப்பார்கள். இரவில் விளக்கு அணைந்திருந்தாலும் ‘நில்’ என்றே கொள்ள வேண்டும். ஆக, சிக்னல் விழவில்லை என்பது ‘முன்னால் ஆபத்து’ என்ற செய்தியாகவும் இருக்கலாம், ‘காற்றில் கம்பி அறுந்துவிட்டது’ என்பதாகவும் இருக்கலாம். என்ஜினில் நிற்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தந்திக் கம்பியும் அறுந்த பிறகு கேட்டுத் தெரிந்துகொள்ள வழி இல்லை. இருபுறமும் கடல்; நின்ற இடமும் பாதுகாப்பான இடம் அல்ல. ஓட்டுநரைக் குறை சொல்கிறவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பெட்டிக்குள் யார் என்ன பேசினார்கள், யார் பாடினார்கள் என்று வரும் கதைகளை நம்ப வேண்டாம். சொல்வதற்கு ஆள் மிஞ்சவில்லை.

அவ்வளவு கனமான ரயிலை அலை எப்படி அடிச்சுட்டுப் போகும்?

வெறும் அலை என்று நினைத்தால் நம்ப முடியாதுதான். வந்தது புயல் அலையேற்றம். அந்தமான் பக்கம் உருவான புயல் இலங்கையின் வட பகுதியைக் கடந்து நேராக இந்த முனைக்கு வந்தது. காற்றின் வேகம் மணிக்கு 280 கி.மீ. வரை இருந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. ஆழமில்லாத கடலில் அப்படிப்பட்ட காற்று தண்ணீரைத் தள்ளும்போது அடியில் திரும்பிப் போக இடம் இல்லாமல் கடல் மட்டமே உயரும். அதன் மேல் அலைகள். இருபது அடிக்கு மேல் எழுந்ததாகச் சொல்வார்கள். திட்டின் பெரும்பகுதி கடல் மட்டத்துக்கு ஓரிரு மீட்டர் மேலேதான் இருக்கிறது.

இன்னொன்று, பாதை கிடந்தது மணல் மேல். தண்ணீர் குறுக்கே பாயும்போது முதலில் ஜல்லி போகும், பிறகு அடியில் உள்ள மணல் அரிக்கும், தண்டவாளம் கட்டையோடு அந்தரத்தில் தொங்கும். மீட்டர் கேஜ் வண்டிக்குச் சக்கரங்களுக்கு இடையே அகலம் குறைவு. பக்கவாட்டில் தள்ளினால் சாய்வதற்கு அதிக பலம் வேண்டியதில்லை.

பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிபண்ணினவங்க, ஸ்டேஷனை மட்டும் ஏன் விட்டுட்டாங்க?

நிறையப் பேர் இதை அலட்சியம் என்று நினைக்கிறார்கள். வரைபடத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. அன்றைய பாம்பன் ஒரு சந்திப்பு. பாலத்தைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரியும்: ஒன்று ராமேஸ்வரத்துக்கு, மற்றொன்று தனுஷ்கோடிக்கு. பாலம் இல்லையென்றால் தீவுக்கே ரயில் இல்லை. தனுஷ்கோடிக் கிளை இல்லையென்றால் தனுஷ்கோடிக்கு மட்டும்தான் இல்லை. அந்த ஊரில் ஆட்களும் மிஞ்சவில்லை. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசும் அறிவித்துவிட்டது.

பாலத்தில் 146 கர்டர்களில், அதாவது தூண்களுக்கு மேல் கிடக்கும் இரும்பு உத்திரங்களில், 126 கடலுக்குள் போய்விட்டன. கப்பலுக்காக நடுவில் திறக்கும் ஷெர்சர் தூக்குப்பாலம் மட்டும் தாங்கி நின்றது. அந்தப் பணிக்குப் பொறுப்பாக இருந்த பொறியாளர் ஈ. ஸ்ரீதரன், பின்னாளில் கொங்கண் ரயில்வேக்கும் டெல்லி மெட்ரோவுக்கும் பெயர் பெற்றவர். புதிதாக வார்த்துக் கொண்டுவந்தால் மாதக்கணக்கு ஆகும் என்பதால், கடலடியில் கிடந்த கர்டர்களையே மீனவர்கள் இடம் காட்ட, தூக்கியெடுத்துப் பொருத்தினார்கள்.

கப்பல் சேவை ராமேஸ்வரத்துக்கு மாறியது. ராமானுஜம் என்ற கப்பல் அங்கிருந்து தலைமன்னாருக்கு ஓடியது. இலங்கையில் போர் மூண்டதும் 1980-களின் நடுப்பகுதிக்குள் அதுவும் நின்றது. நிலையம் பிறந்ததே கப்பலுக்காக என்று இரண்டாம் கேள்வியில் பார்த்தோம். கப்பல் இடம் மாறிய பிறகு அந்த மணலில் மறுபடி தண்டவாளம் போட ரயில்வேக்குக் காரணம் எதுவும் மிச்சமில்லை.

பாதி ஊர் கடலுக்குள்ள இருக்குன்னு சொல்றாங்களே, எல்லாம் அந்த ஒரே ராத்திரியில் போனதா?

எல்லாம் அல்ல. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ஆய்வு ஒன்று, மன்னார் வளைகுடாவைப் பார்த்த தென்பகுதி 1948–49-லேயே ஐந்து மீட்டர் வரை கீழே இறங்கி, ஒரு நிலத் துண்டு கடலுக்குள் போனதாகச் சொல்கிறது. நிலத்தட்டு அசைவு காரணம். அதாவது புயல் வருவதற்குப் பதினைந்து ஆண்டு முன்பே ஊர் ஒடுங்கத் தொடங்கிவிட்டது.

எங்க தாத்தா இலங்கையிலிருந்து தனுஷ்கோடி ஸ்டேஷன்லதான் வந்து இறங்கினாராம். எப்படிச் சரிபார்க்கிறது?

முதலில் ஆண்டைப் பாருங்கள். 1914-க்கு முன் என்றால் தூத்துக்குடியோ சிறு துறைகளோ. 1914 முதல் 1964 வரை என்றால் தனுஷ்கோடியாக இருக்கலாம். அதற்குப் பிறகு என்றால் ராமேஸ்வரம்.

இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரைப் பற்றி இரு நாடுகளும் செய்த சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி வந்த குடும்பம் என்றால், தனுஷ்கோடி என்று வீட்டில் சொல்வது தவறாகத்தான் இருக்கும். ஒப்பந்தம் கையெழுத்தானது 1964 அக்டோபர் 30. அடுத்த எட்டாவது வாரத்தில் நிலையமே இல்லை. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாகச் சொன்ன அந்த ஒப்பந்தத்தின்படி ஆட்கள் வரத் தொடங்கியது அதன் பிறகுதான். அவர்கள் தலைமன்னாரில் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்கள். கண்டியில் இருந்த இந்தியத் துணைத் தூதரகம் கொடுத்த குடும்ப அட்டை தாயகம் திரும்பியோர் வீடுகளில் இன்னும் இருக்கும். அதில் உள்ள தேதியைப் பார்த்தால் போதும். ராமேஸ்வரம், தனுஷ்கோடி இரண்டையும் பெரியவர்கள் ஒன்றாகவே சொல்லிவிடுவது வழக்கம், பொய் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அங்கே கடைக்காரங்க ஒரு இடிபாட்டைக் காட்டி இதுதான் ஸ்டேஷன்னு சொல்றாங்க. நம்பலாமா?

இணையத்தில் ‘தனுஷ்கோடி ரயில் நிலையம்’ என்று சுற்றும் படங்களில் பல, தேவாலயத்தின் படங்கள். பலிபீடம் இருந்த பெரிய வளைவுச் சுவர், உயரமான கூரையற்ற கூடம், இரண்டு பக்கமும் ஜன்னல் வளைவுகள் இருந்தால் அது தேவாலயம். நிலையத்தில் எஞ்சியிருப்பது அதைவிடக் குறைவு: வளைவுகளோடு தனித்தனியாக நிற்கும் சில சுவர்த் துண்டுகள். தண்ணீர்த் தொட்டியின் மிச்சத்தை அடையாளமாக வைத்துக்கொண்டால் ரயில்வே பகுதியைக் கண்டுபிடிப்பது எளிது.

சுவரெல்லாம் வருஷா வருஷம் கரையுதே, சிமென்ட் பூசிக் காப்பாத்தலாமே?

சிமென்ட் பூசினால் சீக்கிரம் போய்விடும். அங்குள்ள கட்டடங்கள் பவளக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டியவை. பவளக் கல் முழுக்கத் துளைகள். அடியிலிருந்து உப்புநீர் திரி ஏறுவது போல ஏறும். வெயிலில் தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் துளைக்குள் படிகமாகும். படிகம் வளரும்போது கல்லைப் பொடிப்பொடியாக உதிர்க்கும். அதனால்தான் சுவரின் கீழ் இரண்டு மூன்று அடி அதிகமாக அரித்திருக்கும். மேலே காற்றில் பறக்கும் மணல் தேய்க்கிறது.

சிமென்ட் பூச்சு ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். உப்பு பூச்சுக்குப் பின்னால் சேர்ந்து, ஒரு நாள் பூச்சோடு கல்லும் சேர்ந்து பெயரும். பழுது பார்ப்பதென்றால் சுண்ணாம்புச் சாந்துதான். அதையும் நல்ல தண்ணீரில் குழைக்க வேண்டும்; கடல்நீரில் குழைத்தால் உப்பை நாமே உள்ளே வைத்த கதை.

போனா என்ன கவனிக்கணும்?

முகுந்தராயர் சத்திரத்திலிருந்து திட்டின் நுனியான அரிச்சல்முனை வரை 9.5 கி.மீ. சாலை 2017-ல் திறந்தது; அதற்கு முன் மணலில் ஜீப்தான். முதல் 5 கி.மீ.யில் பழைய ஊர் வந்துவிடும். பலர் முனைக்கு நேராகப் போய்விட்டுத் திரும்பும்போது நேரம் இல்லாமல் நிலையத்தைத் தவறவிடுகிறார்கள். மாலைக்கு மேல் அங்கே இருக்க விடமாட்டார்கள் என்பதால் ஊரை முதலில் பாருங்கள். நிழல் கிடையாது, தண்ணீர் கொண்டுபோங்கள். முனையில் நீரோட்டம் மோசம், குளிக்க வேண்டாம்.

சுவர் மேல் ஏறிப் படம் எடுக்காதீர்கள். முந்தைய பதிலைப் படித்தவர்களுக்குக் காரணம் தெரியும். கீழே கிடக்கும் பவளத் துண்டை ஞாபகத்துக்கு எடுத்துவருவதும் வேண்டாம்: பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காக்கப்படும் உயிரினம்.

துருப்பிடித்த தண்டவாளம் மணலில் தெரிந்தால் அது பழையதுதானா என்று உறுதிசெய்ய, இரண்டு தண்டவாளத்தின் உள்விளிம்புகளுக்கு இடையே அளந்து பாருங்கள். ஒரு மீட்டர் இருக்க வேண்டும். மணல் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் போன வருஷம் தெரிந்தது இந்த வருஷம் மூடியிருக்கும்.

மறுபடி அங்கே ரயில் வருமா?

ராமேஸ்வரம் – தனுஷ்கோடி அகல ரயில் பாதைக்கு 2019 மார்ச் 1-ல் அடிக்கல் நாட்டினார்கள். சுமார் 17 கி.மீ. தண்டவாளம் வரவில்லை. அதே நாளில் அடிக்கல் நாட்டிய புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6-ல் திறந்துவிட்டது. தனுஷ்கோடியைப் பொறுத்தவரை மணலின் குணம் மாறவில்லை, அலையேற்றத்தின் ஆபத்தும் மாறவில்லை. இப்போது பூநாரைகளுக்கான சரணாலயமாகவும் அப்பகுதியைத் தமிழ்நாடு அரசு அறிவித்திருக்கிறது. சுற்றுலாவுக்கு மட்டும் என்றால் இருக்கும் சாலை போதும் என்பது எங்கள் கருத்து.

அந்தப் பக்கம் தலைமன்னார் ஸ்டேஷன் என்ன ஆச்சு?

அது புயலில் போகவில்லை, போரில் போயிற்று. 1990-ல் அந்தப் பாதை மூடப்பட்டது. போர் முடிந்த பிறகு இந்திய ரயில்வே நிறுவனமான இர்கான் தண்டவாளத்தைத் திரும்பப் போட்டது. 2015 மார்ச்சில் தலைமன்னார் துறை வரை மறுபடி ரயில் ஓடத் தொடங்கியது. கொழும்பிலிருந்து வரும் வண்டி இன்றும் கடலோரம் வரை வந்து நிற்கிறது.